அப்பாவுக்காக யார் முடிவெடுப்பது? இங்கிலாந்தின் மனத்திறன் சட்டம்: முழுமையான வழிகாட்டி

"நான்தான் மூத்த மகன். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

லண்டன் ஆஸ்பத்திரி வார்டுகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்த வருடங்களில் இந்த வரியை எத்தனை தடவை ஆங்கிலத்தில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. டாக்டரிடமிருந்து வரும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: உங்கள் கையெழுத்து வேண்டாம், முதலில் அப்பாவிடம் பேச வேண்டும். மகன் முகம் சுருங்கிவிடும். "அப்பாவுக்கு என்ன தெரியும், அவருக்கு மறதி" என்பார். கட்டிலில் இருக்கும் அப்பா அதையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெக்ஸ்ட் ஆஃப் கின் (நெருங்கிய உறவினர்) என்று படிவத்தில் உங்கள் பெயர் இருப்பதால் உங்களுக்கு எந்தச் சட்ட அதிகாரமும் வந்துவிடாது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதற்கான பெயர் அது. மனைவி, மகன், மகள், அண்ணன் யாராக இருந்தாலும் சரி, வயது வந்த இன்னொருவருக்காக முடிவெடுக்கும் உரிமை உறவால் மட்டும் கிடைப்பதில்லை. அது எப்படிக் கிடைக்கும், கிடைக்காவிட்டால் யார் முடிவெடுப்பார்கள், நீங்கள் என்னென்ன செய்யலாம் என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. சொத்துத் தகராறு இருந்தால் இதைப் படித்துவிட்டு சொலிசிட்டரிடம் போங்கள்.

படி 1: சட்டம் எங்கே நிற்கிறது

மனத்திறன் என்றால் ஒரு முடிவைத் தானே எடுக்கும் திறன். அதற்கான சட்டம், மென்டல் கெபாசிட்டி ஆக்ட், 2005-இல் நிறைவேறி 2007-இல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்தான். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. 16 வயது ஆன எல்லோருக்கும் பொருந்தும். டிமென்ஷியா (மறதி நோய்), பக்கவாதம், கற்றல் குறைபாடு, தலையில் பட்ட அடி, கடும் மனநோய், சிறுநீர்த் தொற்றில் வயதானவர்களுக்கு வரும் தற்காலிகக் குழப்பம் எல்லாம் இதற்குள் அடங்கும்.

சட்டத்தின் முதல் பிரிவிலேயே ஐந்து கொள்கைகள் இருக்கின்றன. மனத்திறன் இல்லை என்று நிரூபிக்கும்வரை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். முடிவெடுக்க முடிந்த உதவியெல்லாம் செய்து பார்க்காமல் "இவரால் முடியாது" என்று சொல்லக் கூடாது. முட்டாள்தனமான முடிவு எடுக்கிறார் என்பதற்காகத் திறன் இல்லை என்று ஆகிவிடாது. திறன் இல்லாதவருக்காக எடுக்கும் முடிவு அவருடைய நலனுக்காக இருக்க வேண்டும். அதிலும் அவருடைய சுதந்திரத்தைக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டங்களில் உதவும்.

படி 2: முடிவைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

ஊரில் உயில் எழுதும்போது "நல்ல சுயநினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும்" என்று ஒரு வரி போடுவார்கள். நம் பேச்சிலும் அப்படித்தான்: புத்தி இருக்கிறது, அல்லது புத்தி பேதலித்துவிட்டது. ஆளை மொத்தமாக ஒரு பக்கம் தள்ளிவிடும் சொற்கள் இவை. இந்தச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. எந்த முடிவு, எந்த நேரத்தில் என்று இரண்டு கேள்வி கேட்கிறது.

காலையில் என்ன உடுத்துவது என்று அம்மாவால் முடிவு செய்ய முடியும். வீட்டை விற்பதா என்று முடியாமல் இருக்கலாம். மாலை ஆறு மணிக்குக் குழம்பிப் போகிறவர் காலை பத்து மணிக்குத் தெளிவாக இருக்கலாம். ஆகவே யாராவது "உங்கள் அம்மாவுக்குக் கெபாசிட்டி இல்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், "எந்த முடிவுக்கு?" என்று கேளுங்கள். இது மரியாதைக் குறைவு இல்லை. சோஷியல் வொர்க்கர்களே இப்படித்தான் எழுதியாக வேண்டும்.

படி 3: முடிவெடுக்க உதவுங்கள்

எல்லோரும் அவசர அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இது. சட்டமோ இதைச் செய்து முடித்த பிறகுதான் அடுத்த படிக்குப் போகச் சொல்கிறது. கண்ணாடி போட்டிருக்கிறாரா, காதுக் கருவியில் பேட்டரி இருக்கிறதா என்பதிலிருந்து தொடங்குங்கள். எளிய சொற்களில் பேசுங்கள், படம் காட்டுங்கள், நல்ல நேரம் பார்த்துக் கேளுங்கள். ராகு காலத்தைச் சொல்லவில்லை, அவர் தூங்கி எழுந்து மாத்திரை போட்டுத் தெளிவாக இருக்கும் நேரத்தைச் சொல்கிறேன்.

மொழி தனிக் கதை. ஆங்கிலம் தெரியாதது மனத்திறன் குறைபாடு இல்லை. நாற்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர்கூட டிமென்ஷியா வந்தபின் தமிழுக்கே திரும்பிவிடுவதுண்டு. மதிப்பீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மகனோ மகளோ மொழிபெயர்ப்பது சரிவராது. நல்ல மகனாகவே இருந்தாலும் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னதைத் திருத்தி, கூட்டி, அழகாக்கிச் சொல்வார்.

எந்த ஊர்த் தமிழ் என்பதையும் சொல்லிவிடுங்கள். இதில் நானே தப்புச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் "மருந்து குடிக்க ஏலாது" என்றார். நான் தமிழ்நாட்டுக்காரன். மறுக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். தொண்டை வலியால் விழுங்க முடியவில்லை என்பதுதான் அவர் சொன்னது. குறிப்பேட்டில் "சிகிச்சைக்கு மறுப்பு" என்று ஏறிவிட்டது. மறுநாள் அவருடைய மகள் வந்து படித்துப் பார்த்துச் சத்தம் போட்டபிறகுதான் திருத்தினார்கள்.

படி 4: நான்கு கேள்விகள்

உதவியெல்லாம் செய்த பிறகும் சந்தேகம் இருந்தால் மதிப்பீடு. யார் செய்வது? அந்த முடிவோடு சம்பந்தப்பட்டவர். ஆபரேஷன் என்றால் அதைச் செய்யப்போகும் டாக்டர், தங்குமிடம் என்றால் பெரும்பாலும் உள்ளூராட்சியான கவுன்சிலின் சோஷியல் வொர்க்கர். மனநல மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

முடிவுக்குத் தேவையான தகவல் புரிகிறதா? முடிவெடுக்கும் நேரம்வரையாவது அது நினைவில் நிற்கிறதா? அதைச் சீர்தூக்கிப் பார்க்க முடிகிறதா? எப்படியாவது, கண்ணசைவிலாவது, பதிலைத் தெரிவிக்க முடிகிறதா? நான்கில் ஒன்று முடியவில்லை என்றாலும் போதும். ஆனால் மூளையிலோ மனத்திலோ உள்ள பாதிப்பினால்தான் அது முடியவில்லை என்பதும் தெரிய வேண்டும். முதலில் முடிவெடுக்க முடிகிறதா என்று பார், பிறகு காரணத்தைப் பார் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் வரிசையைத் தெளிவாக்கியது. நோயின் பெயரை வைத்துக்கொண்டு தொடங்கக் கூடாது.

ஒரு மதிப்பீடு இன்னும் கண்ணில் நிற்கிறது. எண்பது தாண்டிய அம்மா, ஆரம்பநிலை டிமென்ஷியா, மாடிப்படியில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். வந்தவர் என்ன மாதம் என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை. பிரதமர் யார்? தெரியவில்லை. மகன் என்னைப் பார்த்து, "நான்தான் சொன்னேனே" என்பதுபோல் தலையை ஆட்டினார். அப்புறம் வந்தவர் இரண்டு போட்டோவை மேசையில் வைத்தார். ஒன்று அவர் வீட்டு மாடிப்படி, இன்னொன்று கேர் ஹோம் அறை. அம்மா படிக்கட்டுப் படத்தின்மேல் விரலை வைத்தார். "இதுல ஏறினா விழுவேன். இடுப்பு உடைஞ்சா எழுந்திருக்கவே மாட்டேன், தெரியும். ஆனா சாமி ரூம் மேலதான இருக்கு. அங்க போனா எனக்கு யாரு விளக்கேத்துவா?" என்று கேர் ஹோம் படத்தைத் தள்ளிவிட்டார்.

மாதம் தெரியாதவர் ஆபத்தைச் சொன்னார், விளைவைச் சொன்னார், தனக்கு எது முக்கியம் என்றும் சொல்லிவிட்டார். அந்த முடிவுக்கு அவருக்குத் திறன் இருக்கிறது என்று எழுதினார்கள். கவுன்சில் படிக்கு இருபுறமும் கைப்பிடி போட்டுத் தந்தது. மகனுக்கு அன்று என்மேலும் கோபம்தான்.

1993-இல் வந்த ஒரு வழக்கும் இதே ரகம். பிராட்மோர் மனநல மருத்துவமனையில் இருந்த 68 வயது நோயாளி, கடும் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்), தன்னைப் பெரிய டாக்டர் என்று நம்பியவர். காலில் அழுகல் நோய். வெட்டாவிட்டால் பிழைக்க 15 சதவீதம்தான் வாய்ப்பு என்றார்கள். வெட்டவே கூடாது என்று நீதிமன்றம் போனார். தகவல் அவருக்குப் புரிகிறது, எடைபோடுகிறார் என்று கண்ட நீதிபதி, அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் காலில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். நோய் இருக்கிறது, மாயை இருக்கிறது, அந்த முடிவுக்கான திறனும் இருந்தது.

படி 5: திறன் இல்லை என்றால்

இப்போதுதான் பெஸ்ட் இன்டரெஸ்ட்ஸ், அதாவது அவருடைய நலன், என்ற சொல் வருகிறது. "நான் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்" என்று பார்ப்பது இதில்லை. அவருடைய பழைய விருப்பம், இப்போதைய விருப்பம், நம்பிக்கை, வாழ்ந்த விதம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குணமாகித் திறன் திரும்பும் என்றால், காத்திருக்க முடியுமா என்று யோசிக்க வேண்டும். அவரையும் பேச்சில் சேர்க்க வேண்டும். அவரைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் அவர் நலனில் அக்கறை உள்ளவர்களையும் கேட்க வேண்டும். குடும்பத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது. கையெழுத்து உங்களுடையதாக இல்லாமல் போகலாம், ஆனால் அப்பா எப்படிப்பட்டவர் என்று உங்களைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

ஆகவே கூட்டத்துக்குப் போகும்போது கருத்தைவிடச் செய்தியை எடுத்துக்கொண்டு போங்கள். "அப்பாவுக்குக் கேர் ஹோம் ஒத்துவராது" என்பது கருத்து. "அறுபது வருடமாகச் சைவம், குளிக்காமல் சாப்பிட மாட்டார், பெண் நர்ஸ் குளிப்பாட்டினால் கூசிப்போவார், தன் தம்பியைக் கேர் ஹோமில் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் பேசவில்லை" என்பது செய்தி. இவற்றைத்தான் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

திறன் இல்லை என்றால் டாக்டர் சொல்வதுதான் முடிவு என்றும் இல்லை. 2015-இல் இன்னொரு கால் வழக்கு வந்தது. 73 வயதுக்காரர், மனநோய், தேவதைகளின் குரல் கேட்பவர், இவரும் காலை வெட்ட மறுத்தார். இவருக்கு அந்த முடிவுக்கான திறன் இல்லை என்று நீதிமன்றம் கண்டது. ஆனாலும் நீதிபதி ஆஸ்பத்திரிக்கே போய் அவரிடம் பேசிவிட்டு வந்து, கட்டாயப்படுத்தி வெட்டுவது அவர் நலனுக்கு ஆகாது என்று தீர்ப்பளித்தார். குரல்கள் கேட்பதும் அவர் வாழ்க்கையின் ஒரு பகுதி, அவர் விருப்பத்துக்கு மதிப்பு உண்டு என்பதுதான் காரணம். ஒருவருக்குத் திறன் இருந்தது, மற்றவருக்கு இல்லை. கால் இருவருக்கும் தப்பியது.

வீட்டில் நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மாத்திரையைச் சோற்றில் பிசைந்து கொடுப்பது. அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் மறுப்பவருக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பது பெரிய விஷயம். குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் சொல்லி, மருந்தாளரையும் கேட்டு, இதுதான் அவர் நலனுக்கு நல்லது என்று முடிவு செய்து எழுதி வைத்த பிறகே செய்ய வேண்டும். சில மாத்திரைகளைப் பொடித்தால் ஆபத்து என்பது வேறு.

படி 6: திறன் இருக்கும்போதே எல்.பி.ஏ.

இந்த வாரமே செய்ய வேண்டியது இதுதான். லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி, சுருக்கமாக எல்.பி.ஏ. தனக்குத் திறன் போனால் யார் முடிவெடுக்க வேண்டும் என்று ஒருவர் தானே எழுதி வைப்பது. 18 வயது ஆகியிருக்க வேண்டும், எழுதும்போது அதற்கான திறன் இருக்க வேண்டும். டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகும் ஆரம்பக் கட்டத்தில் எழுத முடியும், ஆனால் நாள் கடத்தாதீர்கள்.

இரண்டு வகை. பணமும் சொத்தும் ஒன்று, உடல்நலமும் பராமரிப்பும் இன்னொன்று. நம் ஆட்கள் முதல் வகையை மட்டும் செய்துவிட்டு, ஆஸ்பத்திரியில் அந்தத் தாளை நீட்டுவார்கள். அங்கே அது செல்லாது. பண எல்.பி.ஏ.வை, எழுதியவர் சம்மதித்தால், அவர் தெளிவாக இருக்கும்போதே பயன்படுத்தலாம். உடல்நல எல்.பி.ஏ. அவருக்குத் திறன் போன பிறகுதான் உயிர்பெறும்.

படிவத்தை, எல்.பி.ஏ.க்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான ஆபீஸ் ஆஃப் தி பப்ளிக் கார்டியன் இணையதளத்தில் நிரப்பலாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், 2025 நவம்பர் முதல் 92 பவுண்டு. வருமானம் குறைவென்றால் சலுகையோ விலக்கோ கேட்கலாம். பதிவாக 8 முதல் 10 வாரம் ஆகும், பதிவாகாத தாள் பயன்படாது.

படிவம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் கையெழுத்து வரிசைதான் காரணம். முதலில் எழுதுகிறவர், பிறகு சர்டிஃபிகேட் புரொவைடர், கடைசியில் அட்டர்னிகள், அதாவது அவருக்காக முடிவெடுக்க நியமிக்கப்படுகிறவர்கள். இந்த சர்டிஃபிகேட் புரொவைடர், எழுதுகிறவருக்கு விஷயம் புரிகிறது, யாரும் வற்புறுத்தவில்லை என்று சான்று சொல்பவர். குறைந்தது இரண்டு வருடம் நன்கு பழகியவராகவோ, டாக்டர், சொலிசிட்டர் போன்ற தொழில்முறை ஆளாகவோ இருக்க வேண்டும். குடும்பத்தார் கூடாது, மருமகன் மருமகளும் குடும்பம்தான். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்றால், அட்டர்னியாக வரப்போகும் பிள்ளை மொழிபெயர்க்க வேண்டாம். பின்னால் தங்கை வழக்குப் போட்டால் முதலில் அந்த இடத்தில்தான் கை வைப்பார்கள்.

இரண்டு பேரை நியமித்தால் "சேர்ந்தே" முடிவெடுக்க வேண்டுமா, "சேர்ந்தோ தனித்தோ" எடுக்கலாமா என்று படிவம் கேட்கும். சண்டை வரக்கூடாது என்று "சேர்ந்தே" போடுகிறார்கள். ஒருவர் இறந்தாலோ விலகினாலோ, மாற்று ஆளைக் குறிப்பிட்டிருக்காவிட்டால், மொத்தமும் விழுந்துவிடும். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

அட்டர்னி ஆனவருக்கு ஒரு எச்சரிக்கை. அப்பா மாதாமாதம் ஊரில் உள்ள அத்தைக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார், பேத்தி கல்யாணத்துக்கு நகை போடுவதாகச் சொல்லியிருந்தார் என்பதற்காக அவர் பணத்தை எடுத்து இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது. கல்யாணம், பிறந்தநாள், பண்டிகை போன்ற வழக்கமான சமயங்களில், அவர் வசதிக்குத் தகுந்த அளவில் உறவினர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் பரிசு தரலாம். அவர் ஆதரித்து வந்த தொண்டு நிறுவனத்துக்கும் தரலாம். அதற்கு மேல் என்றால், திறன் இல்லாதவர்களின் விவகாரங்களைப் பார்க்கும் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷன் அனுமதி வேண்டும். ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ச் சொத்து இதில் வராது. இந்தியாவில் வீடு இருந்தால் அங்கே தனிப் பவர் வேண்டும். அதிலும் ஒரு முடிச்சு: இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201-இன்படி, பவர் கொடுத்தவருக்குச் சித்த சுவாதீனம் போய்விட்டால் அந்தப் பவரும் முடிந்துவிடும்.

அப்பாவுக்கு இனித் திறன் வராது, எல்.பி.ஏ.வும் இல்லையா? ஓய்வூதியம், அரசு உதவித்தொகை மட்டும்தான் வருமானம் என்றால் அரசின் பென்ஷன் துறையிடம் அவர் சார்பில் அந்தப் பணத்தை வாங்கும் அப்பாயின்டீ ஆக விண்ணப்பித்தால் போதும். சேமிப்போ வீடோ இருந்தால் கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷனில் அவருக்காக முடிவெடுக்க நீதிமன்றம் நியமிக்கும் டெப்யூட்டியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கே 400 பவுண்டுக்கு மேல், பிறகு காப்பீட்டுப் பத்திரம், வருடாந்தரக் கண்காணிப்புக் கட்டணம், வருடா வருடம் கணக்கு. மாதக்கணக்கில் இழுக்கும். உடல்நலத்துக்கு டெப்யூட்டி நியமிப்பது அபூர்வம்.

குறிப்பிட்ட சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே மறுத்து எழுதி வைக்கவும் முடியும். உயிர்காக்கும் சிகிச்சையை மறுப்பதென்றால், "என் உயிருக்கே ஆபத்து என்றாலும்" என்ற பொருளில் எழுதி, கையெழுத்திட்டு, சாட்சியும் போட வேண்டும்.

படி 7: பூட்டிய கதவு

கேர் ஹோமிலோ ஆஸ்பத்திரியிலோ ஒருவர் எப்போதும் கண்காணிப்பில் இருக்கிறார், வெளியே போகும் சுதந்திரமும் இல்லை, இதற்குச் சம்மதிக்கும் திறனும் இல்லை என்றால் அது சுதந்திரப் பறிப்பு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் சந்தோஷமாக இருந்தாலும் சரி. தங்கக் கூண்டும் கூண்டுதான் என்று நீதிபதி லேடி ஹேல் எழுதினார். இதற்கு டோல்ஸ் (டிப்ரிவேஷன் ஆஃப் லிபர்ட்டி சேஃப்கார்ட்ஸ்) என்ற அனுமதியை கவுன்சில் தர வேண்டும், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 12 மாதம். அதை எதிர்த்து வழக்குப் போட அவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, சொத்துக் கணக்குப் பார்ப்பதில்லை.

படி 8: ஒத்துவராதபோது

முதலில் மதிப்பீட்டின் நகலைக் கேளுங்கள். எந்த முடிவு, எந்தத் தேதி, மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, என்ன உதவி செய்தார்கள் என்று பாருங்கள். ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு பெஸ்ட் இன்டரெஸ்ட்ஸ் கூட்டம், புகார், கடைசியாகக் கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷன். பேச ஆளில்லாதவருக்குப் பெரிய சிகிச்சை என்றாலோ, நீண்ட நாள் தங்குமிட மாற்றம் என்றாலோ அவர் சார்பில் பேச இம்கா என்ற சுயேச்சையான ஆளை நியமித்தாக வேண்டும். ஒருவரை யாராவது கொடுமைப்படுத்துகிறார்கள், பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் கவுன்சிலின் சேஃப்கார்டிங் (பாதுகாப்பு) பிரிவைக் கூப்பிடுங்கள். சுருட்டுபவர் சொந்தத் தம்பியாக இருந்தாலும். திறன் இல்லாதவரைப் பார்த்துக்கொள்பவர் கொடுமைப்படுத்தினால் ஐந்து வருடம் வரை சிறை.

யாருமே எடுக்க முடியாத முடிவுகள்

சில முடிவுகளை அட்டர்னியோ டாக்டரோ நீதிபதியோகூட ஒருவருக்காக எடுக்க முடியாது. கல்யாணச் சம்மதம் அதில் ஒன்று, உடலுறவுக்கான சம்மதமும். "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாகிடும், நமக்கப்புறம் அவனுக்கு ஒரு துணை வேணும்ல" என்று கற்றல் குறைபாடுள்ள மகனைப் பற்றிப் பேசும் பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் கல்யாணம் என்றால் என்ன என்று புரியாதவருக்கு, மிரட்டாமல் அடிக்காமல் பாசமாகச் செய்துவைத்தாலும், 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயத் திருமணம்தான். ஏழு வருடம் வரை சிறை. ஊருக்குக் கூட்டிப்போய்ச் செய்தாலும் தப்ப முடியாது. அவனுக்குத் துணை வேண்டும் என்றால் கவுன்சிலிடம் பராமரிப்பு மதிப்பீடு கேட்டு, அதிலிருந்து தொடங்குங்கள்.

ஓட்டும் அப்படித்தான். அப்பாவுக்கு டிமென்ஷியா என்பதால் அவர் ஓட்டுரிமை போய்விடுவதில்லை. அட்டர்னி என்பதால் நீங்கள் அவருக்காக ஓட்டுப் போடவும் முடியாது. தேர்தலுக்கு முன் தபாலில் போல் கார்டு என்ற வாக்காளர் அறிவிப்பு வந்தால் டிராயரில் போடாமல் அவர் கையில் கொடுங்கள். போக வேண்டும் என்றால், போட்டோ உள்ள அடையாள அட்டை, கண்ணாடி, காதுக் கருவி எல்லாம் எடுத்துக்கொண்டு, அவர் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துக் கூட்டிப்போங்கள்.